கை எட்டாத பம்புக்கு முதலில் வழி பண்ணுங்கள்

உவரியிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அண்ணாச்சி, தூத்துக்குடியில் கிடக்கும் எங்கள் விசைப்படகில் டீசல் ஜெனரேட்டரை மெயின் இன்ஜினுக்கும் படகுச் சுவருக்கும் நடுவில் ஒடுக்கி வைத்திருக்கிறார்கள். அதைக் குளிர்விக்கும் கடல் தண்ணீர் பம்பு சுவர்ப் பக்கம் இருக்கிறது. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் ரப்பர்ச் சக்கரமான இம்பெல்லரை மாற்ற விரல்கூட நுழையவில்லை. ஜெனரேட்டரையே வெளியே தூக்க வேண்டும் என்கிறார் மெக்கானிக். தூக்கத்தான் வேண்டுமா?"

பெரும்பாலும் வேண்டியிருக்காது, தம்பி. ஆனால் விரலை எப்படியோ நெளித்து இந்தத் தடவை மாற்றிவிட்டால் போதும் என்றும் விட்டுவிடாதீர்கள். கை எட்டாத உறுப்பை அடுத்த வருஷம் யாரும் திறந்து பார்ப்பதில்லை. நடுக்கடலில் ஜெனரேட்டர் சூடேறி நிற்கும்போதுதான் ஞாபகம் வரும். அதனால் முதல் வேலை கை போக வழி பண்ணுவது. இம்பெல்லர் அப்புறம்தான்.

போனை ஒரு குச்சியில் கட்டி, லைட்டைப் போட்டு, பம்பைச் சுற்றி வீடியோ எடுங்கள். மூடியில் எத்தனை திருகு, எந்தத் தலை, ஓஸ் கிளிப்பின் திருகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று கரையில் உட்கார்ந்து நிதானமாகப் பாருங்கள். பல படகுகளில் கையைத் தடுப்பது ஜெனரேட்டராக இருக்காது. பின்னால் வந்த பேட்டரிப் பெட்டியோ, டீசல் பில்டரோ, ஒரு தடுப்புப் பலகையோதான். அதை இடம் மாற்றினாலே முழங்கை வரை உள்ளே போகும். பலகையில் கதவு வெட்டுவதென்றால் படகுத் தச்சரைக் கேட்டுச் செய்யுங்கள். படகின் விலாச் சட்டங்களான வங்குக்கால்களிலும், தண்ணீர் புகாமல் வைத்திருக்கும் தடுப்புகளிலும் கை வைக்கக் கூடாது.

வேலை தொடங்குமுன் கடல் தண்ணீர் வால்வை மூடி, பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்றுங்கள். மேலே யாராவது தெரியாமல் சுவிட்சைப் போட்டால் பெல்ட்டுக்குள் உங்கள் கை இருக்கும். கைலியும் தோளில் துண்டும் வேண்டாம். இன்ஜின் ஆறட்டும்.

மூடித் திருகுகள் சிறியவை. ஒரு முறை எனக்கு ஒன்று இன்ஜினுக்கு அடியில் விழுந்து, எண்ணெய்த் தண்ணீருக்குள் அரை நாள் தேடினேன். காந்தம் விட்டும் பயனில்லை, பித்தளையை அது பிடிக்காதே. அன்றிலிருந்து கீழே பழைய துணியை விரித்த பிறகுதான் ஸ்பேனரை எடுப்பேன். ஸ்பேனரைத் தூண்டில் நரம்பால் மணிக்கட்டில் கட்டிக்கொள்வேன். திருகைத் திரும்பப் போடும்போது ஸ்க்ரூடிரைவர் முனையில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் அது ஒட்டிக்கொண்டு உள்ளே போகும். இன்னொரு உபாயம்: எதிரெதிரான இரண்டு துளைகளில் தலையில்லாத நீளத் திருகுகளை மாட்டிவிடுங்கள். கேஸ்கட்டும் மூடியும் அவற்றில் தொங்கி நிற்கும், ஒரே கையால் மற்றதை முடிக்கலாம். உங்கள் பம்புக்குக் கையாலேயே திருகும் தலை வைத்த மூடி கிடைத்தால் வாங்கிப் போடுங்கள். அந்தக் காசு வீண் போகாது.

பழைய இம்பெல்லரை இரண்டு ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் பம்பின் வாய் கீறும், அப்புறம் அங்கே கசிவு. புல்லர் போட்டு இழுங்கள். வெளியே வந்ததும் இறக்கைகளை எண்ணுங்கள். ஒன்று உடைந்திருந்தால் அந்த ரப்பர்த் துண்டு எங்கேயோ இருக்கிறது என்று அர்த்தம். அநேகமாக, இன்ஜின் சூட்டைக் கடல் தண்ணீருக்கு மாற்றும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் வாயில் அடைத்துக்கொண்டிருக்கும். அதைத் தேடி எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டுப் பயனில்லை, சூடு குறையாது. புதியதைச் சோப்புத் தண்ணீரில் நனைத்து, பம்பு சுற்றும் திசைக்கு எதிராக இறக்கைகள் மடங்கும்படி தள்ளுங்கள். ஹீட் எக்ஸ்சேஞ்சரில், அரிப்பைத் தான் வாங்கிக்கொள்ளும் துத்தநாகக் குச்சி இருந்தால் அதையும் பாருங்கள். பாதி கரைந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்.

ஆயிலுக்கும் இதே யோசனைதான். அடியில் இருக்கும் டிரெயின் போல்ட்டோடு மல்லுக்கட்ட வேண்டாம். ஆயில் வெதுவெதுப்பாக இருக்கும்போது, அளவுக்குச்சி போகும் குழாய் வழியாகக் கைப்பம்பால் உறிஞ்சிவிடலாம். பில்டரைக் கழற்றுமுன் அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டினால் வழிவது பைக்குள்ளேயே நிற்கும்.

மெக்கானிக் சொல்வது நியாயமாகும் சந்தர்ப்பமும் உண்டு. புகைக்குழாயின் வளைவான எக்ஸாஸ்ட் எல்போ அரித்துப் புகை உள்ளே கசிந்தாலோ, ஜெனரேட்டரைத் தாங்கும் அடி மவுண்டிங் உட்கார்ந்துவிட்டாலோ தூக்கத்தான் வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடைக்காலத்தில் படகு சும்மா கிடக்குமே, அப்போது தூக்குங்கள்.

எல்லாம் முடிந்ததும் கடல் வால்வைத் திறக்க மறக்காதீர்கள். தண்ணீர் இல்லாமல் ஓடினால் புது இம்பெல்லர் கொஞ்ச நேரத்திலேயே கருகிவிடும். தட்டுக் கதவைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணுங்கள், புகையின் விஷவாயுவுக்கு வாசனை கிடையாது. ஒருவர் வெளியே நின்று எக்ஸாஸ்ட் வாயைப் பார்க்கட்டும். அரை நிமிடத்துக்குள் தண்ணீர் கொட்டவில்லையென்றால் உடனே நிறுத்திவிடுங்கள்.