ஈஸ்ட் செல் பட்டினி கிடக்கும்போது ஆட்டோஃபேஜியை, அதாவது தன் உள்பொருட்களையே செரித்துக்கொள்ளும் செயலை, தொடங்கி வைக்கும் ஒரே புரதம் எது?

ஒற்றைப் பெயர் கேட்பதால் நீங்கள் ஏதோ தேர்வுக்குப் படிக்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். முனைவர் பட்ட ஆய்வின் இரண்டாம் ஆண்டில் ஒரு கருத்தரங்கில் இதே கேள்வியை என்னிடம் கேட்டார்கள். "ஏடிஜி1" என்று சொல்லிவிட்டு அமர்ந்தேன். அந்தப் பதில் தவறில்லை, ஆனால் பாதிப் பதில் என்பது இன்றும் என்னை உறுத்துகிறது.

ஏடிஜி1 ஒரு கைனேஸ், அதாவது பிற புரதங்களின் மேல் பாஸ்பேட்டை ஏற்றும் நொதி. அது தனித்து இதைத் தொடங்கிவிடுவதில்லை. ஏடிஜி17, ஏடிஜி29, ஏடிஜி31 ஆகிய மூன்று புரதங்களும் உணவு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றாகவே இருக்கின்றன. அவற்றோடு ஏடிஜி1-ஐ இணைக்கும் பாலம் ஏடிஜி13. நைட்ரஜன் தாராளமாகக் கிடைக்கும்வரை ஊட்டம் இருப்பதை உணரும் டார்க்1 (TORC1) என்னும் புரதத் தொகுதி ஏடிஜி13-இன் மேல் பல இடங்களில் பாஸ்பேட்டை ஏற்றி அந்த இணைப்பைத் தடுத்து வைக்கிறது. பட்டினியில் டார்க்1 அடங்கியதும் பாஸ்பேட்டுகள் நீக்கப்பட்டு, ஐந்து புரதங்களும் வாக்குவோலை (செல்லின் செரிமானப் பையை) ஒட்டிய ஓரிடத்தில் திரள்கின்றன. ஏடிஜி9 தாங்கிய நுண்பைகள் அங்கு வந்து சேர, செரிக்க வேண்டியவற்றைச் சுற்றி மூடும் சவ்வு உருவாகத் தொடங்குகிறது. ஏடிஜி1-உம் ஏடிஜி13-உம் எந்நேரமும் பிணைந்தே இருப்பதாகச் சொல்லும் ஆய்வுகளும் உண்டு என்று யாரேனும் மறுக்கலாம். அதை அறிந்தே எழுதுகிறேன். ஏடிஜி17-உடனான பிணைப்பு பாஸ்பேட்டைப் பொறுத்தது என்பதை அது மாற்றவில்லை.

டார்க்1-இன் வலிமையை எனக்குக் கற்பித்தது ஒரு பிழைதான். வாக்குவோலில் செரிக்கும் நொதிகள் இல்லாத ஈஸ்ட்டைப் பட்டினி போட்டால், ஆட்டோஃபேஜி உள்ளே கொண்டுவந்து சேர்க்கும் உருண்டைகள் கரையாமல் சேரும். 1992-இல் ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமியின் குழு வெளியிட்டது இந்தக் காட்சியைத்தான். நானோ மூன்று வாரங்கள் வெறுமையான வாக்குவோல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். மரபணு நீக்கம் சரியில்லை என்று எண்ணி, புதிய செல்களை உருவாக்கவும் தொடங்கிவிட்டேன். ஆய்வகத்தில் மூத்தவரான ஓர் அக்கா, "செல்களை எத்தனை முறை கழுவினாய்?" என்று கேட்ட பிறகே விளங்கியது: பழைய வளர்ப்பு ஊடகத்தைக் கொட்டிவிட்டு, கழுவாமலேயே நைட்ரஜன் இல்லாத ஊடகத்தை ஊற்றியிருக்கிறேன். குழாயின் அடியில் தங்கிய மிச்சமே டார்க்1-ஐ அடங்க விடாமல் வைத்திருந்திருக்க வேண்டும். மறுநாள் இரண்டு முறை கழுவினேன். சில மணி நேரத்தில், நுண்ணோக்கியில் ஒவ்வொரு வாக்குவோலுக்குள்ளும் சிறு உருண்டைகள் ஓயாமல் துள்ளிக்கொண்டிருந்தன. நெடுநேரம் கண்ணை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஓசுமிக்கு 2016-இல் நோபல் பரிசு கிடைத்தது விரதம் நோய்களைத் தீர்க்கும் என்று நிரூபித்ததற்காக என வாட்ஸ்அப்பில் வரும் செய்திகள் என்னை மிகவும் வருத்துகின்றன. 1993-இல் அவருடைய ஆய்வகம் ஆட்டோஃபேஜிக்குத் தேவையான பதினைந்து மரபணுக்களைப் பிரித்தறிந்தது ஈஸ்ட்டில். அங்கே பட்டினி என்றால் நைட்ரஜன் இன்மை, ஏகாதசி விரதம் அல்ல.

விடைத்தாளில் ஒரே வரிதான் எழுத முடியும் என்றால், பாஸ்பேட் இழந்த ஏடிஜி13-ஐக் கொண்டு ஏடிஜி1 தொகுதி திரள்வதே தொடக்கம் என்று எழுதுங்கள்.