விலைவாசி உயரும்போது வருமான இடைவெளி ஏன் விரிகிறது?

கேள்வி: பணவீக்கம் ஏழை, பணக்காரர் என்று பாராமல் எல்லோரையும்தானே பாதிக்கிறது? அது வருமான ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது என்று எப்படிச் சொல்ல முடியும்?
- வாசகி, விருதுநகர்

பதில்: கடையில் விலை எல்லோருக்கும் ஒன்றுதான், அந்த விலையைத் துரத்திப் பிடிக்கும் வேகம்தான் ஒவ்வொருவரின் வருமானத்துக்கும் வேறுபடுகிறது. மத்திய அரசு ஊழியர்களுக்கும் ஓய்வூதியர்களுக்கும், தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணைக் கொண்டு ஆண்டுக்கு இருமுறை அகவிலைப்படி, அதாவது விலையேற்றத்தை ஈடுகட்டத் தரப்படும் கூடுதல் தொகை, கணக்கிடப்படுகிறது. கொரோனாக் காலத்தில் 18 மாதங்கள் அது நிறுத்திவைக்கப்பட்டபோதிலும், ஏற்பாடு அழிந்துவிடவில்லை. கட்டட வேலைக்குப் போகும் சித்தாளுக்கோ, வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கோ அத்தகைய ஏற்பாடு எதுவும் கிடையாது. விலை ஏறிப் பல மாதங்கள் கழித்து, வேலை போய்விடுமோ என்ற அச்சத்துடன்தான் அவர்கள் கூலியை உயர்த்திக் கேட்க வேண்டியிருக்கிறது.

என்னை மிகவும் வருத்துவது முதியோர் ஓய்வூதியம். தமிழ்நாட்டில் 2011-இல் 1,000 ரூபாயாக்கப்பட்ட அந்தத் தொகை, 2023-இல்தான் 1,200 ரூபாயாக உயர்ந்தது. இடைப்பட்ட 12 ஆண்டுகளில் நாட்டின் சில்லறை விலைகளோ ஏறத்தாழ இரண்டு மடங்காகிவிட்டன. அதாவது, 200 ரூபாய் கூட்டிக் கொடுத்த பிறகும் அந்த ஓய்வூதியம் பெறும் ஒரு மூதாட்டியால் வாங்க முடிந்தது, 2011-இன் விலையில் சுமார் 600 ரூபாய்க்கான பொருள்களை மட்டுமே. யாரும் அறிவிக்காமல், எந்த அரசாணையும் இல்லாமல் நிகழ்ந்த வெட்டு இது. ஊழியர்களின் அகவிலைப்படியைக் குறைப்பது தீர்வாகாது. அந்தப் பாதுகாப்பை முதியோர் ஓய்வூதியத்துக்கும் குறைந்தபட்சக் கூலிக்கும் சட்டப்படி விரிவாக்குவதே நியாயம் என்பது என் உறுதியான கருத்து.

செலவின் பக்கமும் ஒன்றுபோல் இல்லை. சில்லறைப் பணவீக்கத்தை அளக்கப் பயன்பட்ட, 2012-ஐ அடிப்படை ஆண்டாகக் கொண்ட நுகர்வோர் விலைக் குறியீட்டெண்ணில் உணவு, பானங்களின் பங்கு கிராமப்புறத்தில் 54.18 சதவீதம், நகர்ப்புறத்தில் 36.29 சதவீதம். வருமானம் குறையக் குறைய இந்தப் பங்கு இன்னும் கூடும் என்பதால், அரிசியும் பருப்பும் காய்கறியும் விலையேறும் காலங்களில் ஏழைக் குடும்பம் உணரும் பணவீக்கம், செய்திகளில் வரும் சராசரியைவிட அதிகமாகவே இருக்கும்.

கேள்வி: கடன் வாங்கியவர்களுக்குப் பணவீக்கம் நல்லது என்கிறார்களே, அப்படியானால் ஏழைகளுக்கு அது ஆதாயம்தானே?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: விலை ஏற ஏறப் பணத்தின் மதிப்பு குறைவதால், திருப்பிக் கட்டும் தொகையின் சுமையும் குறையும் என்பதே அந்த வாதம். நீண்ட காலத்துக்கு, மாறாத வட்டியில் கடன் பெற்றவருக்கு அது பொருந்தும், அரசும் பெரிய நிறுவனங்களுமே பெரும்பாலும் அந்த நிலையில் இருக்கின்றன. ஏழைகளின் கடனோ நகை அடகு, வாரத் தவணை, கந்துவட்டி என்று குறுகிய தவணையிலும் உயர்ந்த வட்டியிலும் அமைவது. மேலும், கடனின் சுமை குறைய வேண்டுமானால் கடனாளியின் வருமானமும் விலையோடு சேர்ந்து உயர வேண்டும். கூலி நின்ற இடத்திலேயே நிற்க, மளிகைச் செலவு மட்டும் ஏறினால், தவணை கட்டுவதற்கு மிஞ்சும் பணம் குறைந்து, பழைய கடனை அடைக்கப் புதிய கடன் வாங்க நேர்கிறது.