வலிப்பு உள்ள குழந்தைக்குப் பல் சிகிச்சை: பெற்றோர் கேட்டவையும் என் பதில்களும்

குழந்தைகளுக்கான பல் மருத்துவர் என்ற முறையில், வலிப்பு நோய்க்கு மருந்து சாப்பிடும் குழந்தைகளின் பெற்றோர் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். மருந்தின் அளவை மாற்றுவதும் நிறுத்துவதும் உங்கள் நரம்பியல் மருத்துவரின் பொறுப்பு. நான் சொல்பவை அவரிடமும் பல் மருத்துவரிடமும் நீங்கள் எதைக் கேட்க வேண்டும் என்பதற்கு உதவும்.

கேள்வி: டாக்டர், என் மகளுக்கு 5 வயது. வால்ப்ரோயேட் சிரப் சாப்பிடுகிறாள்; கடைசியாக வலிப்பு வந்து 14 மாதங்கள் ஆகின்றன. ஆறு பற்களில் சொத்தை. ஒரு மருத்துவமனையில் முழு மயக்கம் கொடுத்து ஒரே நாளில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம் என்கிறார்கள். இன்னொரு மருத்துவர் நாற்காலியிலேயே நான்கைந்து முறை வரச் சொல்கிறார். எதைத் தேர்ந்தெடுப்பது?

பதில்: வலிப்பு என்ற சொல்லைக் கேட்டவுடனேயே முழு மயக்கம் என்று முடிவெடுப்பதை நான் ஏற்பதில்லை. வலிப்பு எந்த அளவுக்குக் கட்டுக்குள் இருக்கிறது, குழந்தை நாற்காலியில் உட்கார்ந்து வாயைத் திறக்குமா, சொத்தை எவ்வளவு ஆழம் என்ற மூன்றையும் பார்த்த பிறகுதான் சிகிச்சை முறையைப் பேசவே தொடங்க வேண்டும். 14 மாதங்களாக வலிப்பு வராத, சொன்னதைக் கேட்கும் 5 வயதுக் குழந்தைக்கு நாற்காலிச் சிகிச்சை பெரும்பாலும் போதும்.

ஆறு பற்களுக்கும் ஒரே சிகிச்சை தேவைப்படாது என்பதையும் கவனியுங்கள். முன்பற்களில் மேலோட்டமாக உள்ள சொத்தையை, 38 சதவீத வெள்ளி டையமீன் ஃபுளோரைடு திரவத்தைத் தடவியே நிறுத்திவிட முடியும். ஊசியும் இல்லை, துளையிடும் கருவியும் இல்லை, ஆனால் தடவிய இடம் கருத்துப்போகும். அந்தக் கருப்பைப் பார்த்துப் பிற்பாடு வருந்தும் பெற்றோர் உண்டு என்பதால், தடவுவதற்கு முன்பே படம் காட்டிச் சம்மதம் பெறுவது என் வழக்கம். கடைவாய்ப் பால் பல்லில் வலியும் சீழும் இல்லாமல் சொத்தை மட்டும் இருந்தால், ஸ்காட்லாந்தில் தோன்றிய ஹால் முறைப்படி, பற்களுக்கிடையே சில நாட்களுக்கு முன்பே சிறு ரப்பர் வளையங்களை மாட்டி இடம் உண்டாக்கி, பல்லைக் குடையாமலேயே எஃகுத் தொப்பியைச் சிமெண்ட்டால் ஒட்டிவிடலாம். பல்லை இறுகக் கடிக்கும் குழந்தையிடம் பெரிய அடைப்பு உடைந்து பெயர்ந்துவிடும். எஃகுத் தொப்பி தாக்குப்பிடிக்கும். சீழ் பிடித்த பல் மட்டுமே வேர் சிகிச்சைக்கோ பிடுங்குவதற்கோ போக வேண்டியது.

அப்படியானால் முழு மயக்கம் யாருக்கு? வாரத்திற்குப் பலமுறை வலிப்பு வரும் குழந்தைக்கும், வளர்ச்சிக் குறைபாட்டால் ஒத்துழைக்கவே முடியாத குழந்தைக்கும், வாய் முழுவதும் சீழ் பிடித்த குழந்தைக்கும் அதுதான் இரக்கமான வழி. ஆனால் அதைக் குழந்தைகள் மயக்கவியல் நிபுணரும் தீவிர சிகிச்சைப் பிரிவும் உள்ள மருத்துவமனையில் செய்ய வேண்டுமேயொழிய, சாதாரணப் பல் கிளினிக்கில் அல்ல. பொதுவாக லேசான திட உணவை 6 மணி நேரத்திற்கு முன்பும் தண்ணீரை 2 மணி நேரத்திற்கு முன்பும் நிறுத்தச் சொல்வார்கள். இந்தப் பட்டினியைக் கேட்டுவிட்டுக் காலை வலிப்பு மருந்தையும் சேர்த்து நிறுத்திவிடும் வீடுகளை அடிக்கடி பார்க்கிறேன். மயக்க மருத்துவர் சொல்கிறபடி, ஒரு வாய்த் தண்ணீரோடு அந்த மருந்தைக் கொடுத்தே ஆக வேண்டும்.

கேள்வி: மரத்துப்போகப் போடும் ஊசியே வலிப்பைக் கிளப்பிவிடும் என்று என் மாமியார் பயப்படுகிறார். உண்மையா?

பதில்: அளவு மீறினாலோ, மருந்து நேராக இரத்தக் குழாய்க்குள் போய்விட்டாலோ, வலிப்பே இல்லாத குழந்தைக்கும் வலிப்பு வரலாம்; ஆகவே உங்கள் மாமியாரின் பயத்தில் ஒரு நூலிழை உண்மை இருக்கிறது. மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெயின் மருந்துக்கு, குழந்தைகள் பல் மருத்துவத்தில் நாங்கள் வைத்துக்கொள்ளும் உச்சவரம்பு, எடையில் கிலோவுக்கு 4.4 மில்லிகிராம். 15 கிலோ குழந்தைக்கு இது 66 மில்லிகிராம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 20 மில்லிகிராம் இருப்பதால், 3 மில்லிலிட்டரைச் சற்றே தாண்டும். ஒரு பல்லுக்கு இதில் பாதிகூடத் தேவைப்படாது. சின்னக் குழந்தைக்கு ஒரே நாளில் இரண்டு பக்கமும் மேலும் கீழுமாக ஊசி போடும்போதுதான் கணக்குத் தவறுகிறது. ஊசிக்கு முன்னால் குழந்தையை எடை மேடையில் ஏறச் சொல்லும் மருத்துவரை நம்புங்கள்.

கேள்வி: வணக்கம் ஐயா. 9 வயது மகன் இரண்டு வருடங்களாக ஃபெனிடாயின் மாத்திரை சாப்பிடுகிறான். ஈறு வளர்ந்து முன்பற்களில் பாதியை மூடிவிட்டது. மாத்திரையை நிறுத்திவிடலாமா?

பதில்: நீங்களாக நிறுத்தவே கூடாது; திடீரென்று நிறுத்தினால் அடங்காத தொடர் வலிப்பு வந்துவிடும் அபாயம் இருக்கிறது. ஃபெனிடாயின் சாப்பிடுவோரில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு ஈறு இப்படி வளர்கிறது. மருந்து தொடங்கிய சில மாதங்களிலேயே பற்களுக்கு இடையிலுள்ள ஈறு முனைகள் சிறு மணிகளைப் போலப் புடைக்கத் தொடங்கும். மருந்து ஒரு காரணம் என்றால், பல்லின் மேல் படியும் அழுக்குப் படலம் அதைத் தூண்டிவிடும் இன்னொரு காரணம். வளர்ந்த ஈறு அழுக்கைத் தேக்கும், தேங்கிய அழுக்கு ஈறை இன்னும் வளர்க்கும். இதே போன்ற ஒரு சிறுவனின் ஈற்றை மெல்ல விலக்கிப் பார்த்தபோது, காலையில் தின்ற இட்லி அடியில் அப்படியே பசையாக ஒட்டிக்கிடந்தது. பல் துலக்கிவிட்டுத்தான் வந்தோம் என்று அவன் தாய் சொன்னது பொய்யில்லை, பிரஷ் அந்த இடத்தைத் தொடவே இல்லை.

எனவே முதலில் பல் மருத்துவரிடம் ஆழமாகச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். வீட்டில் மகனை உங்கள் முன்னால், முதுகு உங்கள் பக்கம் இருக்கும்படி உட்காரவைத்து, தலையை உங்கள் மேல் சாய்த்துக்கொண்டு, மென்மையான பிரஷால் ஈறும் பல்லும் சேரும் விளிம்பில் நீங்களே துலக்கிவிடுங்கள். முதல் வாரம் இரத்தம் கசிந்தாலும் விடாதீர்கள். அதோடு வேறு மருந்துக்கு மாற்ற முடியுமா என்று நரம்பியல் மருத்துவருக்குக் கடிதம் தரச் சொல்லி எங்களைப் போன்றவர்களிடம் கேளுங்கள். மருந்து மாறினால் பல மாதங்களில் ஈறு தானாகவே சுருங்குவது உண்டு. சுருங்காத பகுதியை அறுவை செய்து எடுக்கலாம். ஆனால் அதே மருந்தும் அதே அழுக்கும் தொடர்ந்தால் ஈறு திரும்ப வளரும் என்பதால், அறுவையை நான் கடைசியில்தான் வைப்பேன்.

கேள்வி: மருந்துச் சிரப்பே சொத்தைக்குக் காரணமாக இருக்குமா?

பதில்: சர்க்கரை சேர்த்த சிரப் என்றால் இருக்கும். குறிப்பாக, இரவில் பல் துலக்கி முடித்து, தூக்கக் கலக்கத்தில் கொடுக்கும் கடைசி வேளை. தூங்கும்போது எச்சில் சுரப்பது குறைந்துவிடுவதால், இனிப்பு விடியும்வரை பல்லிலேயே ஒட்டியிருக்கும். சிரப்பை முதலில் கொடுத்து, பிறகு துலக்கிவிடுங்கள். சர்க்கரையில்லாத சிரப்போ மாத்திரையோ கிடைக்குமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: வால்ப்ரோயேட் சாப்பிடும் 7 வயதுப் பெண்ணுக்குப் பல் பிடுங்க வேண்டும். இரத்தப் பரிசோதனை கட்டாயமா? வலிக்கு என்ன கொடுக்கலாம்?

பதில்: பிடுங்குவதாக இருந்தால் நான் கேட்பேன். வால்ப்ரோயேட், முக்கியமாக அளவு கூடுதலாக இருக்கும்போது, இரத்தம் உறைய உதவும் தட்டணுக்களைக் குறைக்கலாம். எண்ணிக்கை சரியாக இருந்தும் அவை சரிவர வேலை செய்யாமல் போகலாம். அடிபடாமலே உடம்பில் கன்றிய திட்டுகள் தோன்றினாலோ, மூக்கிலிருந்து இரத்தம் வந்தாலோ தவறாமல் முன்கூட்டிச் சொல்லுங்கள்.

வலிக்குப் பாராசிட்டமால், ஒரு வேளைக்கு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வரை. ஆஸ்பிரின் கூடவே கூடாது. இபுப்ரோஃபென் இரத்தக் கசிவைக் கூட்டலாம் என்பதால் கேட்காமல் கொடுக்காதீர்கள். டிரமடால் என்ற வலி மருந்து வலிப்பையே தூண்டக்கூடியது. சீழுக்கு அமாக்சிசிலின் வழக்கமானது. கார்பமாஸெபின் என்ற வலிப்பு மருந்தைச் சாப்பிடும் குழந்தைகளின் பெற்றோருக்கும் ஒன்று: எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் என்ற ஆன்டிபயாடிக் மருந்துகள் இரண்டும் கார்பமாஸெபினின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும், தள்ளாட்டமும் வாந்தியும் இரட்டைப் பார்வையும் வரும். மருந்துக் கடையில் ‘பல் வலிக்கு ஏதாவது’ என்று வாங்குவதில் உள்ள ஆபத்து இதுதான்.

கேள்வி: 10 மாதக் குழந்தைக்குப் பல் முளைக்கும் நேரத்தில் காய்ச்சலோடு வலிப்பு வந்தது. பல்லால்தான் என்கிறார்கள்.

பதில்: பல் முளைப்பதால் வலிப்பு வராது. காய்ச்சல் வலிப்பு 6 மாதம் முதல் 5 வயதுவரை வரும்; பால் பற்களும் அதே காலத்தில்தான் முளைக்கின்றன. பழி பல்லின் மேல் விழுந்துவிடுகிறது. காய்ச்சலுக்கான காரணத்தைக் குழந்தை மருத்துவர் தேட வேண்டும்.

கேள்வி: பல் வலிக்குக் கற்பூரமும் கிராம்பு எண்ணெயும் வைக்கலாமா?

பதில்: கற்பூரம் விழுங்கப்பட்டால் வலிப்பை உண்டாக்கும் நஞ்சு, வலிப்பு உள்ள வீட்டில் பூஜை அறைக்கு வெளியே அதற்கு இடமே வேண்டாம். நீலகிரித் தைலமும் அப்படியே. கிராம்பு எண்ணெயைக் குழந்தை விழுங்கிவிடும் என்பதால் அதையும் தவிருங்கள்.

கேள்வி: சிகிச்சை நடக்கும்போதே வலிப்பு வந்துவிட்டால்? இரும்பைக் கையில் கொடுக்க வேண்டுமா?

பதில்: எனக்கு அது நேர்ந்திருக்கிறது. வாயில் கருவி இருந்த நிலையில் சிறுமியின் கண் ஒரு பக்கமாகச் செருகியது. கருவியையும் பஞ்சையும் வெளியே எடுத்து, நாற்காலியைத் தட்டையாக்கி, அவளை ஒருக்களித்துத் திருப்பி, கடிகாரத்தைப் பார்த்தோம். அவள் தாத்தா ஓடிவந்து சாவிக்கொத்தை அவள் கைக்குள் திணித்தார். வலிப்பு ஒன்றரை நிமிடத்தில் நின்றது; சாவியால்தான் நின்றது என்று அவர் இன்றும் சொல்வார். பெரும்பாலான வலிப்புகள் ஓரிரு நிமிடங்களில் தாமாகவே நிற்கும் என்பதுதான் இரும்பின் புகழுக்குக் காரணம். சாவியால் கை கிழிவதோடு போகும். வாய்க்குள் கரண்டியைத் திணித்தாலோ பல் உடையும், உடைந்த துண்டு மூச்சுக்குழாய்க்குள் போகும். 5 நிமிடம் நீடித்தால், உங்களுக்கு எழுதித் தந்திருக்கும் மிடாசோலம் மூக்குத் தெளிப்பானைப் பயன்படுத்தி, 108-ஐ அழைக்க வேண்டும். பல் சிகிச்சைக்கு வரும்போது அந்தத் தெளிப்பான் உங்கள் பையில் இருக்கட்டும்.

கேள்வி: வலிப்பில் விழுந்து 8 வயது மகனின் முன்பல் முழுதாகக் கழன்றுவிட்டது. இனிமேல் இப்படி நடந்தால் என்ன செய்ய வேண்டும்?

பதில்: 8 வயதில் அது நிரந்தரப் பல். வேரைத் தொடாமல் பல்லின் மேற்பகுதியைப் பிடித்து எடுத்து, உடனே பாலில் போட்டு, ஒரு மணி நேரத்திற்குள் பல் மருத்துவரிடம் கொண்டு சேருங்கள். மற்றவர்களுக்கு அங்கேயே குழியில் பொருத்தச் சொல்வோம்; வலிப்பு வந்து தெளியாத குழந்தையின் வாயில் அதைச் செய்யாதீர்கள். பல் கண்ணில் படவில்லையென்றால் நெஞ்சுக்கு எக்ஸ்ரே எடுக்க வேண்டும், அது நுரையீரலில் கிடக்கலாம். பால் பல்லாக இருந்தால் திரும்ப வைப்பதில்லை.

கேள்வி: பிடுங்கிய இடத்திற்குக் கழற்றி மாட்டும் செட் வைக்கலாமா?

பதில்: வலிப்பு வரும் வாய்க்குக் கழலக்கூடிய எதுவும் வேண்டாம். தேவையெனில் ஒட்டவைக்கும் கம்பி வளையம் போதும்.

கேள்வி: அரசு மருத்துவமனையில் இது கிடைக்குமா? முதல் நாள் என்ன எடுத்துப்போக வேண்டும்?

பதில்: சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரியில் குழந்தைகளுக்கெனத் தனித் துறை இருக்கிறது, புதுக்கோட்டையிலும் அரசு பல் மருத்துவக் கல்லூரி உண்டு. காலை நேரத்தில், குழந்தை நன்றாகத் தூங்கி எழுந்து, சாப்பிட்டு, மருந்தும் எடுத்துக்கொண்ட நாளாகப் பார்த்துப் போங்கள். மருந்தின் பெயரை நினைவிலிருந்து சொல்லாமல் பாட்டில்களையே கொண்டுபோங்கள்; கடைசி வலிப்பு வந்த தேதி, நரம்பியல் மருத்துவரின் சீட்டு, தொலைபேசி எண் ஆகியவையும் வேண்டும். வலிப்பு வந்தபோது யாராவது கைபேசியில் படம் எடுத்திருந்தால் அதையும் காட்டுங்கள். அது எப்படித் தொடங்குகிறது என்று ஒருமுறை பார்த்துவிட்ட மருத்துவர், நாற்காலியில் அதன் முதல் அறிகுறியிலேயே கருவியை வெளியே எடுத்துவிடுவார்.