புதுசா வந்தவங்க ஏன் நிக்கறதில்லை?

கேள்வி: மண்ணடியில் சின்ன கிளியரிங் ஆபீஸ், துறைமுகத்துக்கு வரும் சரக்கைக் கஸ்டம்ஸிலிருந்து விடுவித்துக் கொடுக்கும் வேலை. நானும் ஆறு பேரும். இந்த வருஷம் சேர்ந்த மூன்று பையன்களும் ஒரு மாதத்துக்குள் நின்றுவிட்டார்கள். மூவரும் பி.காம்., சுறுசுறுப்பானவர்கள். எங்கே தப்பு நடக்கிறது?

பதில்: "பழைய ஃபைலைப் பார்த்துக் கத்துக்கோ" என்று முதல் நாளே விட்டிருந்தால் அங்கேதான் தப்பு. இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் லேடிங் (கப்பல் கம்பெனி கொடுக்கும் சரக்கு ரசீது) மூன்றும் புதியவர் கண்ணுக்கு ஒரே மாதிரி இருக்கும். எந்தத் தவறு திருத்தக்கூடியது, எது பணத்தைத் தின்னும் என்று தெரியாததால் எல்லாவற்றுக்கும் பயப்படுவார். பயந்தவர் கேட்கமாட்டார், கேட்காதவர் தப்பு செய்வார், திட்டு வாங்கியதும் போய்விடுவார்.

முதல் நாள், வேலை முடிந்த ஓர் இறக்குமதி ஃபைலைப் பிரித்துக் கலைத்துக் கொடுங்கள். கப்பல் வந்ததிலிருந்து கன்டெய்னர் வெளியே போனதுவரை தேதிவாரியாக அவரே அடுக்கட்டும். அரை நாள் போகும், போகட்டும். காகிதங்களின் வரிசை பிடிபட்டால் பாதி வேலை பிடிபட்ட மாதிரி.

அடுத்த நான்கு நாள் சரிபார்ப்பு மட்டும். அவர் வாய்விட்டுப் படிக்க, அனுபவசாலி ஒருவர் டிக் போட வேண்டும். கன்டெய்னர் நம்பரில் முதலில் நான்கு எழுத்து, பிறகு ஏழு இலக்கம். 'ஓ' எழுத்தையும் பூஜ்யத்தையும் குழப்புவதுதான் புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழை. இந்த அமைப்பைச் சொல்லிக்கொடுத்தாலே அது நின்றுவிடும். கடைசி இலக்கம் முந்தைய பத்தையும் வைத்துக் கணக்கிடப்படுவது என்பதையும் சொல்லுங்கள். மொத்த எடை, பெட்டி எண்ணிக்கை, இன்வாய்ஸ் கரன்சி ஆகியவற்றையும் இதே மாதிரி ஒப்பிடட்டும்.

எட்டு இலக்க ஹெச்.எஸ். கோடை (சரக்கு எந்த வகை என்று கஸ்டம்ஸுக்குச் சொல்லும் எண்) முடிவு செய்யும் பொறுப்பை மூன்று மாதத்துக்குக் கொடுக்காதீர்கள். பழைய ஃபைலிலிருந்து காப்பி அடிப்பது ஆபத்து. பெயர் வாளியாகவே இருந்தாலும் பிளாஸ்டிக் என்றால் கஸ்டம்ஸ் வரிப் பட்டியலில் 39-ஆம் அத்தியாயம், இரும்பு என்றால் 73.

பில் ஆஃப் என்ட்ரியை (இறக்குமதிச் சரக்குக்குக் கஸ்டம்ஸில் தாக்கல் செய்யும் படிவம்) பொதுவாகக் கப்பல் வரும் நாளுக்கு முந்தைய நாள் முடிவதற்குள் போட வேண்டும். தாமதமானால் முதல் மூன்று நாளுக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதன்பின் 10,000. எங்கே நிஜமாகவே பயப்பட வேண்டும் என்று அவருக்குத் தெரிய, இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிடுங்கள். தப்பு கண்ணில் பட்டால் அந்த மணி நேரத்திலேயே சொல்லச் சொல்லுங்கள், சொன்னதற்காகத் திட்டாதீர்கள். பில்லைத் திருத்த விண்ணப்பிக்க வழி இருக்கிறது.

அவருக்குப் பதில் சொல்ல ஒரே ஆளை நியமியுங்கள். அது முதலாளியாக இருக்க வேண்டாம், உங்களிடம் கேட்கத் தயங்குவார். தினமும் சாயங்கால டீக்கு முன் ஐந்து நிமிடம், "இன்னைக்கு எங்க சிக்குச்சு?" என்று அந்த ஆள் கேட்கட்டும். "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யாரானாலும் தலையைத்தான் ஆட்டுவார்கள். ராஜாஜி சாலை கஸ்டம்ஸ் ஹவுஸுக்கும் அந்த ஆளே கூட்டிப்போகட்டும். ஹெச் கார்டு (கிளியரிங் ஊழியருக்குக் கஸ்டம்ஸ் கொடுக்கும் அடையாள அட்டை) வாங்கும்வரை தனியாக அனுப்ப வேண்டாம். இரவு வேலை வரும் என்பதைச் சேரும்போதே சொல்லிவிடுங்கள். திருவொற்றியூர்க்காரருக்கு மண்ணடியிலேயே மெட்ரோ இருக்கிறது. மீஞ்சூர்ப் பக்கம் போகிறவர் என்றால் அவருடைய கடைசி ரயில் நேரத்தை நீங்கள் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கேள்வி: வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஜவுளிக்கடை. புதுப் பெண்கள் வாடிக்கையாளரைப் பார்த்தாலே ஒதுங்குகிறார்களே?

பதில்: எந்தச் சரக்கு எங்கே இருக்கிறது என்று தெரியாதவர் ஒதுங்கத்தான் செய்வார். முதல் ஐந்து நாள் மடிப்பதும் அடுக்குவதும் மட்டும் போதும். ஒரு நாளைக்கு ஒரு ரேக்: ரகம், விலை, அளவு. ஆறாம் நாளிலிருந்து சீனியர் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுக்கட்டும். இன்னொன்று, உட்கார ஸ்டூல் போட்டிருக்கிறீர்களா? 2021-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சட்டத் திருத்தப்படி கடை ஊழியர்களுக்கு இருக்கை கட்டாயம். மத்தியானத்துக்குள் கால் கடுத்துப்போன பெண்ணிடம் சிரித்த முகத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை.

கேள்வி: மணலியில் லேத் பட்டறை, பதினான்கு பேர். புதியவருக்கு இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பதிவை மூன்று மாதம் கழித்துச் செய்யலாமா?

பதில்: கூடாது. சம்பளம் 21,000 ரூபாய்க்குள் என்றால் சேர்ந்ததும் பதிவு செய்ய வேண்டும். அவர் பங்கு 0.75 சதவீதம், உங்கள் பங்கு 3.25. கை பழகாத முதல் வாரத்தில்தான் லேத்தில் விரல் சிக்கும். வேலையில் பட்ட காயத்துக்கான உதவிக்கு இத்தனை நாள் வேலை செய்திருக்க வேண்டும் என்ற நிபந்தனை கிடையாது. நம்பர் வந்ததும் அவர் கையில் கொடுத்து, அயனாவரம் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு எப்படிப் போவது என்றும் சொல்லி அனுப்புங்கள்.