எட்டு வருடக் கணக்கு

கேள்விகளுக்குப் பதில் சொல்பவர்: ஓய்வுபெற்ற புள்ளியியல் ஆசிரியர், தருமபுரி. ஆயுள் கணக்கு கேட்கலாம், ஜாதகம் வேண்டாம்.

பாலக்கோடு: வயதானால் சாவு நெருங்கும். இதில் கணக்கு எங்கே சார்?

நெருங்குகிற விதத்தில். 1825இல் லண்டனில் பெஞ்சமின் காம்பர்ட்ஸ் கண்டுபிடித்தது: வளர்ந்த பிறகு, ஒரு வருடத்துக்குள் சாகும் வாய்ப்பு வட்டிக்கு வட்டியாக ஏறுகிறது. தோராயமாக எட்டு வருடத்துக்கு இரு மடங்கு. 30 வயதில் ஒரு பங்கு என்றால் 38இல் 2, 46இல் 4, 70இல் 32. வருடத்துக்கு 9 சதவீதம்தான். நம் ஊர் கந்துவட்டியை விடக் குறைவு, ஆனால் தவணை தப்பாது. 1860இல் மேக்கம் என்பவர், வயது பார்க்காத சாவையும் தனியாகச் சேர்த்தார். தொப்பூர் கணவாயில் மோதும் லாரி உங்கள் வயதைக் கேட்பதில்லையே.

ஓசூர்: எனக்கு 52. எத்தனை வயது வரை இருப்பேன்?

இது கூட்டத்துக்கான கணக்கு, ஆளுக்கானது இல்லை.

காரிமங்கலம்: சுதந்திரம் வந்த காலத்தில் சராசரி ஆயுள் 32தான் என்கிறார்கள். என் தாத்தா 80 வரை இருந்தாரே?

ஒரு குழந்தை பிறந்த அன்றே போனது, இன்னொருவர் 70இல் போனார். சராசரி 35. ஆனால் 35இல் செத்தவர் யார்? சராசரியைக் காலாவதித் தேதியாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

கிருஷ்ணகிரி: எனக்கு 47, சுகர் இருக்கிறது, இன்னும் எத்தனை...

ஓசூர்காரருக்குச் சொன்னதேதான். சுகருக்கு டாக்டரைப் பாருங்கள்.

பென்னாகரம்: எங்கள் பாட்டிக்கு 118. உலக சாதனைதானே?

பிரான்சின் ஜான் கல்மான் (1875–1997) 122 வயது வரை இருந்தார்; கையில் பிறப்புப் பதிவு இருந்தது. பாட்டிக்கு?

பென்னாகரம்: ரேஷன் கார்டில் இருக்கிறது ஐயா.

அதில் இருப்பது, கேட்டவரிடம் வாயால் சொன்ன வயது. கணக்கெடுப்பு வேலைக்குப் போனபோது ஓர் அம்மா என்னிடம், "அறுபதுன்னு போட்டுக்கோ சாமி" என்றார். அடுத்த வீட்டிலும் அறுபது, அதற்கடுத்து அறுபத்தைந்து. அப்புறம் கேள்வியை மாற்றினேன்: "1965இல் தருமபுரி தனி மாவட்டம் ஆச்சே, அப்போ கல்யாணம் ஆயிடுச்சா?" "மூத்தவன் இடுப்புல இருந்தான்." இப்படித்தான் வயதைப் பிடிக்க வேண்டும். 2018இல் இத்தாலியில் 105 வயது தாண்டியவர்களை ஆராய்ந்து, அதற்குமேல் சாவு வாய்ப்பு ஏறாமல் நின்றுவிடுகிறது என்றார்கள். சில வயதுகள் தப்பாக இருந்தாலே அப்படித் தெரியும் என்று உடனே மறுப்பும் வந்தது. நான் மறுப்பவர்கள் பக்கம்.

அரூர்: எனக்கு 60 ஆகிறது, எவ்வளவு நாள்...

மேலே படியுங்கள். இரண்டு முறை சொல்லியாகிவிட்டது.

பென்னாகரம்: பாட்டியிடம் கேட்டேன் ஐயா. மாவட்டம் ஆனபோது தலைப்பிள்ளைக்கு நாலு வயதாம்.

சரி, தலைப்பிள்ளை பிறந்தது 1961 வாக்கில். 118 என்றால் அப்போது பாட்டிக்கு ஐம்பது தாண்டியிருக்க வேண்டும். தலைப்பிரசவம் எந்த வயதில் என்று அவரையே கேட்டுவிட்டு வாருங்கள்.