கேள்வி-பதில்: மழைக்கு நிற்கிற வேனில் என்ன செய்யலாம், என்ன வாங்கலாம்?

மே மாதம் ஏற்காடு, கொடைக்கானல் என்று சுற்றிய வேன்கள் எல்லாம் ஐப்பசி அடைமழையில் வீட்டு வாசலில் நிற்கின்றன. வண்டி சும்மா நின்றால் நம் கை சும்மா இருக்காது போலிருக்கிறது. வேனுக்குள் படுக்கை போடுவது, பேட்டரி வைப்பது பற்றித்தான் இந்த முறை கேள்விகள்.

கேள்வி: சார், எங்களிடம் 7 சீட் ஈகோ இருக்கிறது. சொந்த உபயோக வண்டி. பின் சீட்டுகளைக் கழற்றிவிட்டு நிரந்தரமாகக் கட்டிலும் அலமாரியும் அடிக்கலாம் என்று இருக்கிறோம். ஆசாரி 18 எம்எம் பிளைவுட் போடச் சொல்கிறார். எந்த பிளை வாங்குவது? (ரெட்டியார்பாளையம் வாசகர்)

பதில்: பிளைவுட் கடைக்குப் போகுமுன் ஆர்.சி.யை எடுத்துப் பாருங்கள். அதில் இருக்கை எண்ணிக்கை போட்டிருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்திலிருந்து மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன் 52-வது பிரிவு. 2019 திருத்தத்தில் வந்த 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. கம்பெனியில் கட்டி வரும் கேரவன்களுக்கு ஏஐஎஸ்-124 என்று தனித் தரநிலையே இருக்கிறது. வாசலில் வைத்து ஆசாரி அடிக்கிற கட்டிலுக்கு அந்தத் தகுதி வராது. நாளைக்கு ஏதாவது விபத்து என்றால், க்ளெய்மைத் தட்டிக்கழிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு நாமே காரணம் எடுத்துக் கொடுத்தது போலவும் ஆகும்.

அதனால் சீட்டு இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும். சீட்டுக்கு மேலே வருகிற மாதிரி கால் வைத்து, கட்டிலை 3 பலகையாகப் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள். ஊருக்குக் கிளம்பும்போது ஏற்றலாம், திரும்பியதும் இறக்கி மாடியில் சாத்தி வைக்கலாம். வண்டி உடம்பில் ஒரு திருகு கூட ஏற வேண்டாம். ஓடும்போது மட்டும் ராட்செட் பெல்ட் போட்டு இறுக்கிக் கட்டிவிடுங்கள்; இல்லையென்றால் பிரேக் அடித்தால் பலகை பிடரிக்கு வரும். அலமாரி யோசனையை விட்டுவிடுங்கள். மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டி நான்கு வாங்கிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினால் போதும்.

18 எம்எம் தேவையே இல்லை. 8க்கு 4 ஷீட் ஒன்று சுமார் 35 கிலோ வரும். 12 எம்எம் எடுத்து, அடியில் ரீப்பர் கொடுத்தால் இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். எடையும் 10 கிலோவுக்கு மேல் மிச்சம். கமர்ஷியல் பிளை நம் கடற்கரை ஈரத்துக்கு நிற்காது. தண்ணீரைத் தாங்கும் மெரைன் பிளை கேளுங்கள். வெறும் ஸ்டிக்கரை நம்பாமல், ஷீட்டிலேயே ஐஎஸ்ஐ முத்திரையும் ஐஎஸ் 710 என்ற எண்ணும் அடித்திருக்கிறதா என்று பாருங்கள். அப்புறமும் சந்தேகமா? ஒரு சாண் துண்டு கேட்டு வாங்கி, பழைய பாத்திரத்தில் சில மணி நேரம் கொதிக்கவிடுங்கள். அந்தத் தரத்தில் சோதனையே 72 மணி நேரக் கொதிநீர்தான். மட்டமான சரக்கு மத்தியானத்துக்குள் அடுக்கடுக்காக வாய் பிளந்துவிடும். துண்டு தர மறுக்கிற கடையில் வாங்காமலிருப்பதே நல்லது.

கேள்வி: வேனில் இரவு ஃபேன், லைட், போன் சார்ஜ், முடிந்தால் இண்டக்ஷன் அடுப்பு ஓட வேண்டும். கடைக்காரர் 150 ஏஎச் (ஆம்பியர்-அவர், பேட்டரியின் கொள்ளளவு) டியூபுலர் பேட்டரி எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். ஆன்லைனில் 100 ஏஎச் லித்தியம் மலிவாக வருகிறது. எது சரி? (கடலூர் முதுநகர் வாசகர்)

பதில்: இரண்டும் வேண்டாம். முதலில் கணக்குப் போடுவோம். 12 வோல்ட் ஃபேன் ஒன்று 20 வாட், 8 மணி நேரம் ஓடினால் 160 வாட்-அவர். எல்இடி இரண்டு, 5 வாட் வீதம் 4 மணி நேரம், 40. போன் நான்குக்கு 60 வைத்துக்கொள்ளுங்கள். ஆக மொத்தம் ஓர் இரவுக்கு 260 வாட்-அவர். 12 வோல்ட், 50 ஏஎச் லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 640 இருக்கும். இரண்டு இரவு தாங்கும்.

இண்டக்ஷன் அடுப்பை மறந்துவிடுங்கள். 1,500 வாட் அடுப்பு 12 வோல்ட்டிலிருந்து 125 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். அதற்கான இன்வெர்ட்டரும் கேபிளும் வாங்குகிற காசுக்கு நாலு நாள் ஓட்டலிலேயே சாப்பிடலாம்.

டியூபுலர் வீட்டு இன்வெர்ட்டருக்கு நல்ல பொருள்தான். ஆனால் 150 ஏஎச் என்றால் 50 கிலோவுக்கு மேல். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வாயு விடும். உள்ளே ஆசிட் தளும்பும். நாம் படுக்கிற இடத்தில் அது எதற்கு? மலிவு லித்தியத்துக்கு ஒரு சோதனை சொல்கிறேன்: எடை. பாஸ்பேட் வகை 100 ஏஎச் பேட்டரியில் செல்கள் மட்டுமே 8 கிலோ அளவுக்கு வரும். பெட்டியோடு சேர்த்தே 6, 7 கிலோ என்று விவரத்தில் போட்டிருந்தால், உள்ளே 100 இல்லை என்று அர்த்தம். பார்சல் வந்ததும் தராசில் வைத்துப் பாருங்கள், வீடியோ எடுத்துக்கொண்டே பிரியுங்கள். பிஎம்எஸ் (செல்களைப் பாதுகாக்கிற மின்னணுப் பலகை) இருக்கிறதா, வாரண்டி பில் தேதியிலிருந்தா என்பதை வாங்குமுன் எழுத்தில் கேட்டு வையுங்கள்.

பேட்டரியில் செலவு செய்துவிட்டு வயரில் கஞ்சத்தனம் பண்ணுகிறவர்கள்தான் அதிகம். பேட்டரிக்கும் சாதனத்துக்கும் 4 மீட்டர் தூரம், 10 ஆம்பியர் ஓடுகிறது என்று வையுங்கள். 1.5 சதுர எம்எம் செம்பு வயரில் போக வர 1 வோல்ட் அளவுக்குக் காணாமல் போகும். 230 வோல்ட்டில் அது ஒன்றுமே இல்லை, 12-இல் அது பெரிய தொகை. 4 சதுர எம்எம் போட்டால் 0.4-க்குள் அடங்கும். ஃபியூஸை பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள் வையுங்கள். வயரின் அந்தக் கோடியில் வைத்து என்ன பிரயோஜனம்? வண்டி ஓடும்போது சார்ஜ் ஏற வேண்டுமென்றால் டிசி-டு-டிசி சார்ஜர் (பேட்டரிக்கு ஏற்றபடி கரண்டைக் கட்டுப்படுத்தித் தருவது) வேண்டும், ஆல்டர்னேட்டரிலிருந்து நேராக வயர் இழுக்கக் கூடாது. வண்டியின் சொந்த வயரிங்கில் வெட்டு, ஒட்டு எதுவும் வேண்டாம். பேட்டரியையும் ஒரு பெட்டிக்குள் அமைத்துக் கைப்பிடி வைத்துவிட்டால், சீசன் முடிந்ததும் பாதி சார்ஜோடு வீட்டுக்குள் கொண்டுவந்து வைக்கலாம். கரண்ட் போகிற புயல் நாளில் அதே பெட்டி ஃபேன் ஓட்டும். ஃபெஞ்சல் சமயத்தில் இருட்டில் உட்கார்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

கேள்வி: கூரையில் கேரியர் மாட்டியதிலிருந்து மழைநீர் உள்ளே சொட்டுகிறது. சிலிக்கான் அடித்தும் நிற்கவில்லை. சுற்றித் துரு வேறு. (தேவனாம்பட்டினம் வாசகி)

பதில்: அடிக்கும்போது வினிகர் வாடை வந்ததா, அம்மா? அது அசிட்டிக் வகை. கண்ணாடிக்கும் பாத்ரூம் டைல்ஸுக்கும் சரி, இரும்புத் தகட்டை அரிக்கும். முழுவதும் சுரண்டி எடுத்து, துருவைத் தேய்த்து, பிரைமர் காய்ந்தபின் நியூட்ரல் சிலிக்கானோ பாலியூரித்தேன் சீலன்ட்டோ போடுங்கள். பழைய சிலிக்கான் மேல் புதியது ஒட்டவே ஒட்டாது. மழை விட்டு நன்றாக வெயில் அடிக்கிற நாளாகப் பாருங்கள். நட்டு போல்ட்டையும் மாற்றுங்கள். கடையில் காந்தம் வைத்துக் காட்டி 'ஒட்டவில்லை பாருங்கள், அசல் ஸ்டெயின்லெஸ்' என்பார்கள். 202 கிரேடிலும் காந்தம் ஒட்டாது, 304-லும் ஒட்டாது. உப்புக் காற்றில் 202 சீக்கிரம் துருப்பிடிக்கும். பில்லில் 304 என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உங்கள் வீடு கடலை ஒட்டியே இருந்தால் 316.

கேள்வி: வெளியூர் கடையில் ஆன்லைனில் வாங்கிய வேன் பந்தல் துணி, முதல் முறை விரித்தபோதே தையல் விட்டது. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்கிறார்கள். பில்லும் தரவில்லை. (வில்லியனூர் வாசகர்)

பதில்: பில் தராததும் முறையற்ற வணிக நடைமுறைதான், குறைபாடுள்ள பொருளைத் திரும்ப எடுக்க மறுப்பதும் அதுதான். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 இரண்டையும் தெளிவாகச் சொல்கிறது. பில்லில் கெடு போடாவிட்டால் 30 நாள் கணக்கு. இன்றே படத்தோடு மின்னஞ்சல் அனுப்பிவிட்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் பதிவு செய்யுங்கள். மசியவில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்கலாம். கடை எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கிற இடத்திலேயே, அதாவது புதுச்சேரியிலேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது. இ-ஜாக்ருதி தளத்திலும் தாக்கல் செய்யலாம். 2 வருடம் அவகாசம் உண்டு. பணம் போன யுபிஐ பதிவு, வாட்ஸ்அப் பேச்சு இரண்டையும் பிரின்ட் எடுத்துச் சேருங்கள். துணியைத் தைத்துவிடாதீர்கள், கிழிந்தது கிழிந்தபடியே இருக்கட்டும்.