நடுக்கட்டத்தை விட்டுக்கொடுத்தும் வெல்லலாமா?

கேள்வி: சதுரங்கத்தில் நடுக்கட்டங்களைச் சிப்பாய்களால் பிடிக்க வேண்டும் என்று என் மகனுக்குக் கற்றுக்கொடுத்தேன். அவனோ கறுப்பில் ஆடும்போது அவற்றை எதிராளிக்கே விட்டுவிட்டு, ‘இது ஹைப்பர்மாடர்ன் தற்காப்பு’ என்கிறான். இப்படி ஆடிப் பெரிய போட்டியில் வெல்ல முடியுமா?
– ஒரு வாசகர், கோவில்பட்டி

பதில்: முடியும், ஆனால் விட்டுக்கொடுத்த இடத்தைத் தக்க நேரத்தில் தாக்கத் தெரிந்திருக்க வேண்டும். 1956 அக்டோபர் 17 அன்று, நியூயார்க்கில் நடந்த ரோசன்வால்ட் நினைவுப் போட்டியில் அமெரிக்க வீரர்களான டொனால்ட் பைர்னும் பாபி ஃபிஷரும் மோதிய ஆட்டத்தை இருவரும் பலகையில் வைத்துப் பாருங்கள். கறுப்பில் ஆடிய ஃபிஷருக்கு அப்போது வயது 13.

அவர் கையாண்டது, ஆஸ்திரிய வீரர் எர்ன்ஸ்ட் க்ரூன்ஃபெல்ட் 1922-இல் அறிமுகப்படுத்திய தற்காப்பு. அதில் ஜி7-இல் (எழுத்து நெடுவரிசையையும் எண் குறுக்கு வரிசையையும் குறிக்கும்) நிற்கும் மந்திரி, தொலைவிலிருந்தே டி4-ஐக் குறிவைத்துக் காத்திருக்கும். 8-வது நகர்த்தலுக்குள் டி4, இ4 இரண்டிலும் வெள்ளைச் சிப்பாய்கள் நின்றுவிட்டதால், பார்வைக்குப் பைர்னின் கையே ஓங்கியிருந்தது. ஆனால் முதல் 11 நகர்த்தல்களில் அவர் ராணியை மூன்று முறையும் ஒரே மந்திரியை இரண்டு முறையும் நகர்த்தியிருந்தார். ராஜா கேஸ்லிங் ஆகாமல், அதாவது யானையோடு இடம் மாறிப் பாதுகாப்பாக ஒதுங்காமல், இ1-இலேயே இருந்தது.

அந்த நேரத்தில் ஃபிஷர், பி6-இல் இருந்த தம் குதிரையை ஏ4-இல் கொண்டுபோய் வைத்தார். சி3-இல் உள்ள வெள்ளைக் குதிரை அதை வெட்டினால் இ4 சிப்பாய்க்குக் காவல் போய்விடும். கறுப்பின் இன்னொரு குதிரை அந்தச் சிப்பாயை வெட்டி, அங்கிருந்து சி5 ராணியையும் ஜி5 மந்திரியையும் ஒருசேரத் தாக்கும். பைர்ன் வெட்டாமல் ராணியை ஒதுக்கிக்கொண்டார்; அப்படியும் 13-வது நகர்த்தலில் இ4 சிப்பாய் விழுந்தது.

இந்த ஆட்டத்தைச் சதுரங்க எழுத்தாளர் ஹான்ஸ் க்மோக் ‘நூற்றாண்டின் ஆட்டம்’ என்று எழுதினார். உலகம் வியப்பது, 17-வது நகர்த்தலில் மந்திரியை இ6-க்கு இழுத்து ஃபிஷர் தம் ராணியையே பலிகொடுத்ததைத்தான். அதற்கு ஈடாக, அடுத்தடுத்த ஐந்து செக்குகளின் வழியே ஒரு யானை, இரண்டு மந்திரிகள், ஒரு சிப்பாய் அவருக்குக் கிடைத்தன. எனக்கு அதைவிடப் பெரிதாகத் தோன்றுவது ஏ4 குதிரை. நடுக்கட்டம் உடைந்து இ வரிசை திறந்ததால்தான் யானை செக் சொல்ல முடிந்தது. வெள்ளை ராஜா எஃப்1-க்கு ஒதுங்க, எச்1 யானை நெடுநேரம் மூலையிலேயே அடைபட்டுக் கிடந்தது. பைர்ன் இடையில் விலகாமல் ஆடி, 41-வது நகர்த்தலில் செக்மேட் ஆனார்.

குதிரை ஏ4-க்கு வந்ததும் ஆட்டத்தை நிறுத்தி, அதை வெட்டலாமா என்று உங்கள் மகனைக் கேளுங்கள். அதற்கு அவனால் விடை சொல்ல முடிந்தால், தாராளமாக இந்தத் தற்காப்பை ஆடட்டும்.